“மீனுக்குப் போய் யாராச்சும் அழுவாவளா?”

இந்த வாரம் முக்கூடலில் இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. சுருக்கித் தருகிறேன்.

“என் மகளுக்கு எட்டு வயது. பிறந்தநாளுக்கு மூன்று கோல்டு ஃபிஷ் வாங்கிக் கொடுத்தோம். கண்ணாடிக் கிண்ணத்தோடு சேர்த்துத் தந்தார்கள். ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தன. தண்ணீர் கலங்கிவிட்டதே என்று ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொட்டி, கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று செத்துவிட்டது. மூன்றாவது அடியில் ஒதுங்கிக் கிடக்கிறது. உடம்பெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என் மாமியார், ‘ஏட்டி, மீனுக்குப் போய் யாராச்சும் அழுவாவளா?’ என்று அதட்டுகிறார். நான் பீடி சுற்றுகிறேன். அந்தக் கையோடு தீனி போட்டதால் செத்திருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. இதற்கிடையில் என் கணவருக்குத் தெரிந்த ஒருவர், ‘கோல்டு ஃபிஷ் போனா போகட்டும், ஒரு ஜோடி கடல்குதிரை தர்றேன்’ என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். வாங்கலாமா?”

ஒரே கடிதத்தில் நான்கு கேள்விகள். மீதி இருக்கும் மீனைக் காப்பாற்ற முடியுமா? மற்ற இரண்டும் ஏன் செத்தன? அழும் பிள்ளையை எப்படித் தேற்றுவது? கடல்குதிரை வாங்கலாமா? உடனே செய்ய வேண்டியதை அந்த அம்மாவுக்கு அன்றைக்கே தனியாக எழுதி அனுப்பிவிட்டோம். இங்கே எல்லோருக்குமாகப் பார்ப்போம். மீன் தொட்டி இருக்கும் எந்த வீட்டிலும் என்றாவது ஒருநாள் இந்தக் காலைப்பொழுது வரத்தான் செய்யும்.

முதலில், உயிரோடு இருக்கும் மீன்

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றதும் நாம் ஓடுவது மருந்துக்கு. நீலம், மஞ்சள், பச்சை என்று பல நிறங்களில் குப்பிகள் கிடைக்கின்றன. அதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள். நமக்குக் காற்று எப்படியோ, மீனுக்குத் தண்ணீர் அப்படி. புகை நிறைந்த அறையில் மூச்சுத் திணறும் ஒருவருக்கு மாத்திரை கொடுப்பதைவிட, ஜன்னலைத் திறப்பதுதானே முதல் வேலை?

இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. தொட்டித் தண்ணீரில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை மட்டும் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பழைய தண்ணீரின் சூடும் புதுத் தண்ணீரின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

2. ஒன்றிரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். நல்ல உடல்வாகுள்ள மீன் அதனால் பட்டினி கிடந்து செத்துவிடாது. அது தின்னாமல் விடும் தீனி அழுகித் தண்ணீரைக் கெடுப்பதுதான் ஆபத்து.

3. ஏர் பம்ப் இல்லையென்றால் வாங்குங்கள். இருந்தால் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் கரைந்திருக்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். நெல்லைப் பக்கத்துச் சித்திரை வெயிலில், மூடிய அறைக்குள் இருக்கும் சின்னக் கிண்ணத்து மீன் எப்படித் தவிக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

4. தொட்டியில் வேறு மீன்களும் இருந்தால், உடம்பு சரியில்லாததைத் தனி வாளியில் விடுங்கள். சோப்பு படாத, 15, 20 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் வாளி போதும். அதிலும் ஏர் பம்ப் குழாய் ஒன்று வேண்டும். வெள்ளைப் புள்ளிக்கு மட்டும் இது போதாது. கிருமி தொட்டி முழுக்கப் பரவியிருக்கும் என்பதால் தொட்டிக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும்.

5. கோல்டு ஃபிஷ்ஷுக்கு உப்பு நல்ல துணை. அயோடின் சேர்க்காத சாதாரணக் கல்லுப்பு. லிட்டருக்கு ஒரு கிராம் என்று தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக மூன்று கிராம் வரை கூட்டலாம். தனியாகக் கரைத்து ஊற்ற வேண்டும், மீன் மேல் அப்படியே தூவக் கூடாது. உயிருள்ள செடி, நத்தை இருக்கும் தொட்டியில் உப்பு வேண்டாம். செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்கும் உப்பு விஷயத்தில் கவனம் தேவை.

நமக்கு வாங்கி வைத்த ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் நோய்க்குப் பொருந்தாது. தொட்டியில் இருக்கும் நல்ல நுண்ணுயிரிகளையும் அது கொன்றுவிடும்.

உப்புத் தூவியது போல ஒரு நோய்

அந்த அம்மா சொல்லும் அடையாளம், மீன் வளர்ப்போர் ‘வெள்ளைப் புள்ளி’ என்று சொல்லும் நோயோடு பொருந்துகிறது. இக்தியோஃப்திரியஸ் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் புகுந்து வளரும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஒட்டுண்ணியின் கூடு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று நான்கு நாளில் புள்ளிகள் தாமாகவே உதிரும். ‘சரியாகிவிட்டது’ என்று மருந்தை நிறுத்திவிடுவோம். உண்மையில் அந்த ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, அடியில் இருக்கும் கல்லிலும் மண்ணிலும் ஒட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகும். அந்தக் குஞ்சுகள் நீந்தி வந்து மறுபடி மீனைத் தேடும். மருந்தும் உப்பும் அவற்றைக் கொல்வது இந்த நீந்தும் பருவத்தில் மட்டும்தான். தோலுக்குள் இருக்கும்போது எட்டாது. அதனால் கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் பத்து நாள் வைத்தியத்தைத் தொடர வேண்டும். பாதியில் விடுவதால்தான் ‘போன மாதம் சரியானது, இந்த மாதம் திரும்ப வந்துவிட்டது’ என்று பலர் எழுதுகிறார்கள்.

வேறு சில அடையாளங்களையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு ஓரம் கிழிந்து, அரித்துக்கொண்டே போனால் துடுப்பழுகல். பெரும்பாலும் அசுத்தத் தண்ணீரின் விளைவு. வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் பூஞ்சையாகவோ, அதைப் போலத் தோன்றும் பாக்டீரியாவாகவோ இருக்கலாம். மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சுக்குத் தவிக்கிறது என்று பொருள். வயிறு ஊதி, செதில்கள் அன்னாசிப் பழத் தோல் போலச் சிலிர்த்து நின்றால் உள்ளுறுப்புகள் கெட்டிருக்கின்றன. அந்தக் கட்டத்தில் பிழைப்பது அரிது.

நெல்லை, தூத்துக்குடி வாசகர்களுக்கு ஒரு வசதி உண்டு. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. மீன் நோய்களைப் பாடமாகவே நடத்தும் இடம். நெல்லை ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விலை உயர்ந்த மீன்களோ, அடுத்தடுத்துச் சாகும் நிலையோ இருந்தால் அங்கே விசாரிக்கத் தயங்காதீர்கள். போகும்போது தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலில், மீனின் தெளிவான வீடியோ, தொட்டியின் நீள அகல உயரம், கடைசியாகத் தண்ணீர் மாற்றிய நாள் ஆகிய நான்கும் கையில் இருக்கட்டும்.

அழுக்கு என்று கழுவியதில் போனது என்ன?

இரண்டு மீன் ஏன் செத்தன? கடிதத்தில் இருப்பதை வைத்துப் பார்த்தால், தண்ணீரை முழுக்க மாற்றியதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது. அந்த அம்மா சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று செய்தார். பாத்திரம் கழுவுவது போலத் தொட்டியைக் கழுவுவது நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான்.

மீன் வெளியேற்றும் கழிவில் இருந்து அம்மோனியா உண்டாகும். அது மீனுக்கு நஞ்சு. தொட்டியின் கல்லிலும், ஃபில்டர் பஞ்சிலும், கண்ணாடி ஓரத்திலும் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்தக் குடும்பம் முழுமையாகக் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கல்லைத் தேய்த்துக் கழுவியபோது அந்தக் குடும்பம் சாக்கடையோடு போய்விட்டது. புதுத் தண்ணீரில் அம்மோனியா ஏறியது. தாங்க யாரும் இல்லை.

அடுத்தது குளோரின். குடிதண்ணீரில் கிருமி சாக வேண்டும் என்று குளோரின் கலக்கிறார்கள். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கும், அந்த நல்ல பாக்டீரியாவுக்கும் அது எரிச்சல். வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுக்க வைத்து, ஏர் பம்ப்பும் ஓடவிட்டால் சாதாரணக் குளோரின் பறந்துவிடும். அவசரத்துக்கு, வண்ணமீன் கடைகளில் ‘ஆன்டி குளோரின்’ என்று விற்கும் சொட்டு மருந்து இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் என்றால் குளோரின் கவலை இல்லை. வயலோரக் கிணறாக இருந்தால் பூச்சிமருந்து கலந்திருக்குமா என்று யோசியுங்கள்.

மூன்றாவது, அந்தக் கிண்ணம். பார்க்க அழகு. ஆனால் கோல்டு ஃபிஷ் உள்ளங்கை நீளத்துக்கு மேல் வளரக்கூடிய மீன். ஒன்றுக்கே 60, 80 லிட்டர் தொட்டியும் ஃபில்டரும் இருந்தால்தான் நல்லது. நன்றாக வைத்துக்கொண்டால் 10, 15 வருடம் வாழும். இங்கிலாந்தில் 1956ல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த ‘டிஷ்’ என்ற கோல்டு ஃபிஷ், 1999ல் இறந்தபோது அதற்கு வயது 43. ஒரு மாதத்தில் செத்துப்போகும் விளையாட்டுப் பொருள் என்று நாம் நினைப்பது, நாம் கொடுக்கும் இடம் அப்படி இருப்பதால்தான்.

பீடித் தூளும் மீன் தொட்டியும்

அந்த அம்மாவின் மனதை அரிக்கும் கேள்வி இது. முக்கூடல் வட்டாரத்தில் எத்தனையோ பெண்களுக்கும் இந்தக் கேள்வி இருக்கும். நேராகவே சொல்கிறேன்.

புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் தண்ணீரில் எளிதில் கரையும். மீனுக்கு அது கொடிய விஷம். புகையிலைக் கஷாயத்தைப் பூச்சிக்கு அடிப்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த வைத்தியம். மீன் வளர்க்கும் குளங்களில் புதுக் குஞ்சு விடுவதற்கு முன்னால் வேண்டாத உயிர்களை ஒழிக்கப் புகையிலைத் தூள் போடுவதும் உண்டு. அப்படியிருக்க, பத்து லிட்டர் கிண்ணத்தில் தூள் ஒட்டிய கையை நனைப்பது ஆபத்துதான்.

ஆனால் இந்த இரண்டு மீனும் அதனால்தான் செத்தன என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாதம் அதே கை தீனி போட்டிருக்கிறது. நிக்கோட்டின் விஷம் ஏறினால் மீன் பொதுவாகச் சீக்கிரமே நிலைதடுமாறிச் சுழலும். தொட்டியில் இருக்கும் எல்லாம் ஒன்றாகப் பாதிக்கப்படும். இங்கே நடந்தது வேறு. ஞாயிறு தண்ணீர் மாற்றம், செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று, மூன்றாவதுக்கு வெள்ளைப் புள்ளி. தண்ணீர் கெட்டு, உடல் தளர்ந்து, நோய் பிடித்த வரிசை இது. அதனால் உங்கள் தொழிலை நினைத்துக் குமைய வேண்டாம், அம்மா.

இனிமேலைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். பீடித்தட்டை மடியில் வைத்து உட்காரும் இடமும் மீன் தொட்டியும் வேறு வேறு மூலையில் இருக்கட்டும். தொட்டிக்கு மூடி போடுங்கள். தீனி போடும் பொறுப்பைப் பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள். நீங்கள் கை வைக்க வேண்டியிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு கொஞ்சமும் மிச்சமில்லாமல் அலசிவிட்டு வையுங்கள். கொசுவர்த்தி, கொசு ஸ்பிரே, வாசனை ஸ்பிரே, பெயின்ட் வாடை ஆகியவற்றுக்கும் இதே கணக்கு. ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித்தான் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடல்குதிரை வேண்டாம். ஏன்?

வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து மயங்காதவர்கள் யார்? குதிரை முகம், குரங்கு வால், தனித்தனியாகச் சுழலும் கண்கள். நின்ற நிலையிலேயே நீந்தும் மீன் அது. ஆமாம், கடல்குதிரையும் மீன்தான்.

முதல் விஷயம் சட்டம். இந்தியக் கடல்களில் வாழும் கடல்குதிரை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001ல் சேர்க்கப்பட்டது. பிடிப்பதும், விற்பதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். உயிரோடு இருந்தாலும் காய்ந்த கருவாடாக இருந்தாலும் ஒன்றுதான். சிறை வரை போகும். ‘தெரிஞ்சவர் தந்தார்’ என்பது பதிலாகாது. படம் அனுப்பியவரிடம் ‘வேண்டாம், இது சட்டப்படி தப்பு’ என்று சொல்லிவிடுங்கள். அவர் தொடர்ந்து விற்றால் வனத்துறைக்குத் தகவல் கொடுக்கலாம்.

இரண்டாவது, அதன் உடல்வாகு. கடல்குதிரைக்கு வயிறு என்று தனி உறுப்பு கிடையாது. பல்லும் கிடையாது. குழாய் போன்ற வாயால் சின்னஞ்சிறு இறால் வகைகளை உயிரோடு உறிஞ்சும். தின்றது சீக்கிரம் வெளியேறிவிடும் என்பதால் நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். கடலில் இருந்து பிடித்து வந்தவை, தொட்டியில் போடும் செத்த தீனியைத் தொட மறுத்துப் பட்டினியில் சாவது சாதாரணம். தப்பிப் பிழைத்தவற்றுக்கும் தோலுக்கு அடியிலும் ஆணின் பையிலும் காற்றுக் குமிழ் சேரும் நோய், விப்ரியோ பாக்டீரியா தொற்று என்று வரிசையாக வரும். உப்புத் தண்ணீர்த் தொட்டியைச் சமாளிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம். இரண்டு கோல்டு ஃபிஷ் போனதற்கே அழுத பிள்ளை, கடல்குதிரை ஒவ்வொரு நாளும் மெலிவதை உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?

மூன்றாவது, அதன் குடும்பம். கடல்குதிரையில் குஞ்சுகளைச் சுமப்பது அப்பா. அம்மா முட்டையை அப்பாவின் வயிற்றுப் பைக்குள் இடும். சில வாரம் சுமந்து, நூற்றுக்கணக்கான குட்டிகளை அப்பா வெளியே விடும். பல இனங்களில் ஆணும் பெண்ணும் ஜோடியாகவே இருந்து, தினமும் காலையில் சந்தித்து, நிறம் மாறி, ஒன்றையொன்று சுற்றி ஆடி வணக்கம் சொல்லிக்கொள்ளும். கடல்குதிரைகளைக் கடலுக்குள் இறங்கி ஆராய்ந்த அமாண்டா வின்சென்ட் என்ற விஞ்ஞானி இதைப் பதிவு செய்திருக்கிறார். ஒன்றைப் பிடித்தால் ஒரு ஜோடியைப் பிரிக்கிறோம்.

இது முக்கூடலுக்குத் தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். பொதிகையில் பிறந்து, முக்கூடலைத் தொட்டுக்கொண்டு, சேரன்மகாதேவி, நெல்லை என்று ஓடும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அந்த வளைகுடாவின் கடற்புல் வெளிகள் கடல்குதிரையின் வீடு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986ல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், மன்னார் வளைகுடா 1989ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. இழுவலையில் மற்ற மீனோடு சிக்கியும், காயவைத்து மருந்துக்கு என்று கடத்தப்பட்டும் கடல்குதிரைகள் குறைந்துகொண்டிருக்கின்றன. உலக நாடுகள் 2002ல் கூடி இதன் வணிகத்துக்குக் கட்டுப்பாடு விதிக்க முடிவு செய்து, 2004 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்து படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சில நாடுகளில் பண்ணையில் பிறந்து வளர்ந்த கடல்குதிரைகளை வாங்க சட்டம் அனுமதிக்கிறது. அங்கேயும் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்து, பண்ணையில் பிறந்ததற்கான சான்றோடு மட்டும் வாங்குங்கள். நன்றாகக் கவனித்தாலும் அதன் ஆயுள் இனத்தைப் பொறுத்து ஒன்று முதல் ஐந்து வருடம்தான். அதைத் தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

“மீன்தானே” என்று சொல்லலாமா?

மத்தியானம் மீன் குழம்பு வைக்கும் வீட்டில், சாயங்காலம் மீன் செத்ததற்கு அழுவதா? பெரியவர்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் பிள்ளை அழுவது மீன் என்ற இனத்துக்காக அல்ல. தான் பெயர் வைத்த, தான் விரலைக் காட்டினால் ஓடி வந்த ஒரு மீனுக்காக. பாபநாசம் கோயில் படித்துறையில் பொரி போட்டுவிட்டு, மொய்க்கும் மீன்களைப் பார்த்துச் சிரிக்காத பாட்டி நம் பக்கத்தில் உண்டா? அந்த மீனைக் குழம்பு வைக்க யாருக்காவது மனசு வருமா? பேத்திக்கும் அதே மனசுதான்.

மீனுக்கு வலிக்காது என்று சொல்வோரும் உண்டு. 2003ல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், ரெயின்போ ட்ரவுட் மீனின் தலையிலும் உதட்டிலும் வலியூட்டும் தாக்கங்களை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். மனிதனைப் போலவே உணர்கிறதா என்ற விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். பிள்ளையின் இரக்கம் இடம் மாறிப் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பிள்ளையிடம் என்ன சொல்வது? சில யோசனைகள்:

‘தூங்குது’, ‘ஊருக்குப் போயிருக்கு’ என்று சொல்லாதீர்கள். சின்னப் பிள்ளைகள் அதை அப்படியே நம்பும். பிறகு தூங்கவே பயப்படும் குழந்தைகளும் உண்டு. ‘மீன் செத்துப்போச்சு. அதோட உடம்பு இனி வேலை செய்யாது. அதுக்கு இனி வலிக்காது. திரும்ப வராது’ என்று எளிய வார்த்தையில் சொல்லுங்கள்.

பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரத்தில் அதே நிறத்தில் வேறு மீன் வாங்கிப் போட்டு ஏமாற்றாதீர்கள். துடுப்பில் இருக்கும் ஒரு புள்ளியை வைத்து அது கண்டுபிடித்துவிடும். அப்போது இரண்டு இழப்பு. மீன் ஒன்று, உங்கள் மேல் இருந்த நம்பிக்கை ஒன்று.

‘நீ தீனி அதிகமாப் போட்டதாலதான்’ என்று குற்றம் சுமத்தாதீர்கள். உண்மையிலேயே அதுதான் காரணமாக இருந்தாலும், அழுகை அடங்கிய பிறகு, ‘அடுத்த தடவை நாம இப்படிச் செய்யலாம்’ என்று ‘நாம’ போட்டுப் பேசுங்கள்.

சாப்பிடவில்லையே என்று வற்புறுத்த வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து அந்த மீனைப் பற்றிப் பேசவிடுங்கள். படம் வரையச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெட்டால், அதற்குப் பின்னால் வேறு ஏதோ பயம் இருக்கலாம். டாக்டரிடம் பேசுங்கள்.

அந்த வீட்டுப் பாட்டிக்கும் ஒரு வேலை கொடுங்கள். அதட்டும் குரலுக்குப் பின்னால் பேத்தி வாடுகிறாளே என்ற தவிப்புதான் இருக்கும். ‘ஆச்சி, நீங்க சின்ன வயசுல வளர்த்த ஆட்டுக்குட்டி, கன்னுக்குட்டி கதையைச் சொல்லுங்க’ என்று கேட்கச் சொல்லுங்கள். யாருக்கும் ஒரு கன்றுக்குட்டிக் கதை இல்லாமல் இருக்காது. அதைச் சொல்லும்போது ஆச்சியின் குரலும் தழுதழுக்கலாம்.

பிள்ளைகளுக்கு மட்டுமா இந்தத் துக்கம்? தனியாக வசிக்கும் அப்பா, அம்மாக்களுக்கு மகனோ மகளோ தொட்டி வாங்கி வைத்துவிட்டுப் போகிறார்கள். காலையில் எழுந்ததும் விளக்குப் போட்டு, தீனி போட்டு, இரண்டு வார்த்தை பேசும் துணை அது. அங்கே ஒரு மீன் செத்தால், ‘வேற வாங்கித் தர்றேன், விடுங்கப்பா’ என்று போனை வைத்துவிடாமல், ஐந்து நிமிடம் கூடுதலாகப் பேசுங்கள்.

ஆற்றில் விட வேண்டாம்

செத்த மீனை ஆற்றில் போடுவதும், கழிப்பறையில் ஊற்றுவதும் வேண்டாம். ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, செம்பருத்தியோ முருங்கையோ இருக்கும் இடத்தில் புதையுங்கள். ஆழம் இல்லையென்றால் பூனை தோண்டிவிடும். பிள்ளையே ஒரு பூ வைக்கட்டும். மாடி வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய பூந்தொட்டி போதும்.

அதைவிட முக்கியம், உடம்பு சரியில்லாத மீனை ‘எங்காவது பிழைத்துக்கொள்ளட்டும்’ என்று தாமிரபரணியில் விடாதீர்கள். இரக்கம் என்று நினைத்துச் செய்யும் இது ஆற்றுக்குச் செய்யும் கெடுதல். நோய்க் கிருமி ஆற்று மீன்களுக்குப் பரவும். வெளிநாட்டு மீன் பிழைத்துப் பெருகினால் நம் மீன்களின் இடத்தைப் பிடிக்கும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் விடப்பட்ட ‘டேங்க் கிளீனர்’ மீன்கள் இன்று தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன. தாமிரபரணியிலோ, உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இருக்கின்றன. டாகின்ஸியா தாம்பிரபர்ணியை என்று அறிவியல் பெயரிலேயே ஆற்றின் பெயரைச் சுமக்கும் ஒரு சின்னக் கெண்டை இனம் உண்டு. அழிவின் ஆபத்தில் இருப்பதாகப் பன்னாட்டுப் பட்டியலில் குறிக்கப்பட்ட இனம் அது. அதன் வீட்டில் நம் வீட்டு நோயைக் கொண்டுபோய் விட வேண்டாம்.

காப்பாற்ற முடியாது என்று தெரிந்தால்

சில சமயம் எல்லாம் செய்தும் பலன் இருக்காது. நாள்கணக்கில் கவிழ்ந்து கிடக்கும், தின்னாது, மூச்சுக்கு மட்டும் தவிக்கும். அப்போது வேதனையைக் குறைத்து அனுப்பிவைப்பதும் வளர்த்தவரின் கடமைதான். தரையில் போட்டுத் துடிக்கவிடுவதும், உயிரோடு ஃப்ரீசரில் வைப்பதும், வெந்நீரில் போடுவதும் கொடுமை. கிராம்புத் தைலத்தை மயக்க மருந்தாகப் பயன்படுத்தி அமைதியாக முடிக்கும் முறை உலகெங்கும் உண்டு. அளவும் நேரமும் சரியாக இருக்க வேண்டும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். அதைப் பெரியவர்கள் தனியாகச் செய்யட்டும். பிள்ளைகளுக்குப் பிறகு சொன்னால் போதும்.

ஆயுள் கணக்கும் தெரிந்திருக்கட்டும். கப்பி சுமார் இரண்டு வருடம், ஃபைட்டர் இரண்டு முதல் நான்கு வருடம். கடையில் வாங்கும்போதே ஃபைட்டருக்கு ஒரு வயது நெருங்கியிருக்கலாம். உங்களிடம் இரண்டு வருடம் வாழ்ந்து ஒருநாள் காலையில் அடங்கியிருந்தால், அது நிறைவாழ்வு. யார் மேலும் குற்றமில்லை.

அடுத்த மீன் எப்போது?

அவசரம் வேண்டாம். பிள்ளை தானாகக் கேட்கட்டும். அதற்குள் தொட்டியைத் தயார் செய்யலாம்.

எல்லா மீனும் போய்விட்டிருந்தால், தொட்டி, கல், வலை எல்லாவற்றையும் கழுவி நல்ல வெயிலில் சில நாள் காயவிடுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, துளித் தீனி போட்டு, நல்ல பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் கொடுங்கள். அம்மோனியா சோதனை கிட் ஒன்று வாங்கிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாததும் தெரியும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகு ஒரு மீன், இரண்டு வாரம் கழித்து இன்னொன்று.

ஏற்கெனவே மீன் இருக்கும் வீட்டில், புதிதாக வருவதை இரண்டு முதல் நான்கு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். கொளத்தூரில் இருந்தோ மதுரையில் இருந்தோ பிளாஸ்டிக் பையில் பல மணி நேரம் பயணித்து வரும் மீன் களைத்திருக்கும். நோய் இருந்தாலும் அன்றைக்கே தெரியாது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கைவிட வேண்டாம். தொட்டித் தண்ணீரில் உள்ள சில கிருமிகள் காயத்தின் வழியாகத் தோலில் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

முக்கூடல் அம்மாவுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் மகளுக்கு ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுங்கள். தண்ணீர் மாற்றிய தேதி, போட்ட தீனி, மீன் எப்படி இருந்தது என்று தினம் ஒரு வரி எழுதட்டும். மூன்றாவது மீன் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், அடுத்த மீனுக்கு அந்த நோட்டுதான் முதல் மருந்து.

*அடுத்த வாரம்: வீட்டுக் கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சல். தடுப்பூசி எப்போது, எப்படி?*